ஏறிக்கொண்டே போன எண்ணெய்

மனைவி ஒரு காருக்கு மரண தண்டனை விதித்துவிட்டு, அதை நிறைவேற்ற ஒரு சாக்குக்காகக் காத்திருக்கிறாள். அந்தச் சமயம் பார்த்து அந்தக் காரின் ஆயில் விளக்கு எரிய ஆரம்பிக்கிறது. புருஷன் என்ன செய்வான்? நான் செய்ததைச் சொல்கிறேன். நீங்கள் செய்துவிடாதீர்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், நாலு குடித்தனம் உள்ள மாடி வீட்டில் இருந்தோம். கார் என்னுடைய ஆசை. ஆசை என்பது மரியாதையான சொல்; வியாதி என்பதே சரி. பழைய டீசல் கார். எனக்கு முன்னால் மூன்று பேர் வைத்திருந்தார்கள். மூவருமே விற்ற அன்று சிரித்த முகமாக இருந்திருப்பார்கள் என்பது எனக்குப் பிற்பாடுதான் உறைத்தது. காலையில் அதைக் கிளப்பினால் சந்தில் இருக்கும் ஜன்னல் கம்பி எல்லாம் ஆடும். மாடியில் குடியிருந்த மாமா, கப்பலில் எஞ்சின் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பல்கனியில் இருந்து எட்டிப் பார்த்து, "எந்த போர்ட்டுக்கு?" என்று கேட்பார்.

தண்டனை விதிக்கப்பட்ட கதை இது. ஒரு தை மாதம், ஒரு ரிசப்ஷனுக்குப் போகும்போது லஸ் முனையில், நடு ரோட்டில், கார் நின்றுவிட்டது. என் மனைவி அரக்குப் பட்டுப் புடவையில் உள்ளே உட்கார்ந்திருந்தாள். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் ஜன்னலுக்கு ஜன்னல் எட்டிப் பார்த்தார்கள். அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். ஆட்டோவில் அந்தப் பக்கமாகப் போன அவளுடைய மன்னி, அதாவது அவள் அண்ணன் பெண்டாட்டி, சிரித்தபடி கையை ஆட்டிவிட்டு, ஆட்டோவை நிறுத்தாமலே போனாள். அதுதான் ஆறவில்லை.

வீட்டுக்கு வந்து நகையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "இன்னொரு தடவை இந்தச் சனியன் ரோட்ல நின்னுதோ, காயலாங்கடைக்காரனைக் கூப்ட்டு எடைக்குப் போட்டுடுவேன். அவன் இன்னும் ரெண்டு கிலோ கேட்டான்னா உங்களையும் சேர்த்து."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் சொன்னால் செய்பவள். என் வெற்றிலைப் பெட்டியும் ஆர்மோனியமும் அப்படித்தான் போயின.

இப்போது விளக்கு. ஒரு மாலை, அலுவலகம் விட்டு அடையாறு பாலம் தாண்டி சிக்னலில் நின்றுகொண்டிருந்தேன். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தது. டாஷ்போர்டில் எண்ணெய்க் கிண்டி படம் போட்ட அந்தச் சிவப்பு விளக்கு மினுக்கென்று ஒரு தடவை கண் அடித்தது. பிறகு இரண்டு தடவை. பிறகு கூச்சமே இல்லாமல் முழுசாக எரிந்தது.

ஆயுள் காப்பீட்டில் வேலை செய்பவன் நான். யார் எப்போது சாவார்கள் என்று அட்டவணை பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. அடுத்தவர் சாவு என்றால் எனக்கு அட்டவணை போதும். என் கார் என்றதும் உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. காலை ஆக்ஸிலேட்டரில் அழுத்தினேன். விளக்கு அணைந்தது. காலை எடுத்தேன். எரிந்தது. அழுத்தினேன். அணைந்தது. ஆகா, வைத்தியம் கிடைத்துவிட்டது என்று சிக்னல் முழுக்க எஞ்சினை உறுமவிட்டுக்கொண்டே நின்றேன்.

பக்கத்து ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார். "இன்னா நைனா, ரேஸ் கோர்ஸ் கிண்டில கீது. இங்க யார்கூட போட்டி? இந்த மாட்டுகூடவா?"

நிஜமாகவே எனக்கு முன்னால் ஒரு மாடு நின்றிருந்தது. அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் பானெட்டைத் திறந்து ஆயில் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் மேல் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே இருந்தது. இது எனக்குப் புதிதல்ல. மற்றவர்களின் பழைய கார்கள் எண்ணெயைக் குடிக்கும். மாதாமாதம் ஊற்றி அழுவார்கள். என் கார் ஒரு சொட்டுக் குறையாது. கொஞ்ச நாளாக அளவு மேலேகூட ஏறியிருந்தது. இதை நான் தெருவெல்லாம் பெருமையாகச் சொல்லி வந்தேன். "குடிக்காத புருஷன் மாதிரி" என்று மாடி மாமாவிடம்கூடச் சொன்னேன். "குடிக்காதவனுக்கு வேற எதாவது கெட்ட பழக்கம் இருக்கும்" என்றார் அவர். பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

விளக்கு விஷயத்தை அவரிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கேட்டார்.

"கப்பலா இருந்தா இந்நேரம் மூழ்கியிருக்கும்" என்றார். "நல்ல வேளை, நீ தரையில ஓட்டறே. அதனால மெதுவாத்தான் மூழ்குவே."

"மாமா, வழி சொல்லுங்கோ."

"எண்ணெய் இருக்கா?"

"வழியறது."

"அப்போ விளக்கை நம்பாதே. எஞ்சின்ல ஒரு ஸ்விட்ச் இருக்கும். பிரஷர் கம்மியானா அதுதான் விளக்கைப் போடும். அது கெட்டுப்போனா சும்மாவே போடும். அதை மாத்து."

என் காதில் தேன் பாய்ந்தது. ஸ்விட்ச்! எஞ்சின் நன்றாக இருக்கிறது, ஸ்விட்ச்தான் பொய் சொல்கிறது! மனிதனுக்குப் பயம் வந்தால் எவன் மேல் வேண்டுமானாலும் பழி போடுவான். நான் கட்டை விரல் அளவுள்ள ஒரு பித்தளைச் சாமான் மேல் போட்டேன். அடுத்த நாளே வாங்கி, என் கையாலேயே மாட்டினேன். அடையாறு சிக்னலுக்குப் போய் வேண்டுமென்றே நின்றேன். விளக்கு எரிந்தது. பழையதைவிடப் பிரகாசமாக எரிந்தது. பழைய ஸ்விட்ச் பாவம், யோக்கியமானது என்று புது ஸ்விட்ச் சாட்சி சொன்னது.

மயிலாப்பூர் மெக்கானிக் யாரிடமும் போகமுடியாது. காய்கறி வாங்கும் இடத்தில் என் மனைவியிடம் உளறிவிடுவார்கள். அதனால் யாருக்கும் தெரியாமல் வியாதி பார்க்கப் போகிறவன் மாதிரி, ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். அங்கே டீசல் எஞ்சினுக்கென்றே ஒரு பாயின் பட்டறை. தகரக் கூரை, தரையெல்லாம் கருப்பு. பாய் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எழுந்திருக்காமலே நோய் சொல்வதில் பெயர் பெற்றவர். அவர் ஜோக்கடித்தால் சிரிப்பதற்கென்று இரண்டு மூன்று பேர் எப்போதும் சுற்றி நிற்பார்கள். வேலையும் செய்வார்களாக இருக்கும், நான் பார்க்கவில்லை.

"இன்னா சார் கம்ப்ளைன்ட்டு?"

"ஆயில் லைட் எரியுது பாய். ஸ்விட்ச் மாத்திப் பாத்துட்டேன்."

"யார் சொல்லி மாத்துனே?"

"எங்க மாடியில இருக்கறவர். கப்பல்ல எஞ்சின் பாத்தவர்."

"அப்போ ஹார்பருக்கு இட்டுக்கினு போவேண்டிதானே. இங்க இன்னாத்துக்கு வந்தே?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதிரியோடு சேர்ந்து சிரித்துவிட்டால் அடி குறையும் என்பது என் கொள்கை. குறைந்ததே இல்லை.

"ஆயில் கொறையுதா?" என்று கேட்டார் பாய்.

"ஒரு சொட்டுக் குறையாது பாய். சொல்லப்போனா ஏறித்தான் இருக்கு."

"ஏறுதா!" பாய் தொடையைத் தட்டினார். "டேய், சார் வண்டிக்குள்ள எண்ணெய்க் கெணறு வெச்சிக்கினு கீறாரு. சார், எனக்கும் ரெண்டு டின்னு குடு சார்."

பட்டறையே சிரித்தது. நான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். நோய் வாசலில் வந்து நின்று தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டது. நாங்கள் எல்லாருமாகச் சேர்ந்து அதைச் சிரித்தே அனுப்பிவிட்டோம். எல்லாருக்கும் தெரிந்த கேள்வி ஒன்றுதான்: குறைகிறதா? இல்லை என்றால் அடுத்த விஷயம்.

பாய் என் புது ஸ்விட்சைக் கழற்றச் சொல்லி, அந்த ஓட்டையில் ஒரு குழாயை முடுக்கி, குழாயின் மறுமுனையில் ஒரு மீட்டரை மாட்டச் செய்தார். டாக்டர் கையில் கட்டும் பிபி மெஷினுக்கு அண்ணன் மாதிரி இருந்தது. எஞ்சின் அதற்குள் ஆறியிருந்தது. கிளப்பியதும் முள் ஐம்பதைத் தாண்டி நின்றது. என் நெஞ்சு நிமிர்ந்தது.

"இர்ரு சார்" என்றார் பாய். "இப்போ அது ஆபீசுக்கு வந்த புது மாப்பிள்ள. சாயங்காலம் பாரு."

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சூடு ஏற ஏற முள் இறங்கியது. நாற்பது. முப்பது. பாய் நாற்காலியில் இருந்தபடியே மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கிரிக்கெட் வர்ணனை மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தார். இருபத்தைந்து. பதினெட்டு. கடைசியில் முள் பத்துக்கும் கீழே போய், எழுந்திருக்க மனமில்லாதவன் மாதிரி அங்கேயே படுத்துக்கொண்டது.

பாய் நாற்காலியை முன்னால் நகர்த்தி, ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். கண்ணை மூடினார். சுற்றி நின்றவர்களும் மூடினார்கள். நான் மட்டும் திறந்து வைத்திருந்தேன்.

"பேரிங் தேஞ்சிட்ச்சி சார்" என்றார். "இடுப்பு எலும்பு மாதிரி. எண்ணெ நிக்க எடம் இல்ல, அப்பிடியே ஒழுகிப் போய்க்கினு கீது. எஞ்சின எறக்கணும்."

"வேற வழி?"

"கீது. கற்பூரம் ஏத்தலாம்."

அங்கே கிடந்த டயரில் உட்கார்ந்தேன். யாரோ ஒரு சோடா கொண்டுவந்தார்கள். எஞ்சினை இறக்கினால் வாரக்கணக்கில் கார் வீட்டில் இருக்காது. எங்கே என்று மனைவி கேட்பாள். என்ன சொல்வது, காசிக்குப் போயிருக்கிறது என்றா? போதாக்குறைக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் பெண்ணுக்குக் கல்யாணம். மணமகளின் அத்தை என்ற முறையில் வெல்லப் பாகில் கூம்பாகப் பிடித்த பருப்புத் தேங்காய்க் கூடுகளும் பட்சணத் தட்டுகளும் எங்கள் வீட்டில் தயாராகி, எங்கள் காரில்தான் தி. நகர் மண்டபத்துக்குப் போகவேண்டும். கையை ஆட்டிவிட்டுப் போன அந்த மன்னியின் பெண். அந்த மன்னி வாசலில் நின்று பார்க்க, காரில் போய் இறங்கவேண்டும். அதற்காக ஒரே ஒரு நாள் மட்டும் என் மனைவி அந்தக் காரை மன்னித்து வைத்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை வரைக்கும் ஓட்டலாமா பாய்?"

"ஓட்டு. நடுவுல டக டகன்னு சத்தம் வந்தா எறங்கி ஓடு."

"கல்யாணம் முடிஞ்சதும் கொண்டுவரேன்."

"கொண்டா சார். நடந்து வந்தாலும் சரி, நாலு பேரு தூக்கிக்கினு வந்தாலும் சரி."

திரும்பும் வழியில் ஜி.பி. ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஏறினேன். எண்ணெயைக் கெட்டியாக்கும் மருந்து என்று ஒரு டின் கொடுத்தார்கள். பாகு மாதிரி, தேன் நிறத்தில் இருந்தது. எண்ணெய் கெட்டியானால் அழுத்தம் ஏறும் என்றார் கடைக்காரர். நியாயமாகத்தான் பட்டது. பழைய எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிவிட்டு இதை ஊற்றவேண்டும் என்று அவர் சொன்னதும் காதில் விழத்தான் செய்தது. ஆனால் மங்கல காரியத்துக்குப் போகும்போது எதுவும் நிறைந்து இருக்கவேண்டும் என்ற எண்ணம் நம் ரத்தத்தில் ஊறியது இல்லையா? குடமாக இருந்தாலும் சரி, எஞ்சினாக இருந்தாலும் சரி. கோட்டுக்கு மேலே ஏற்கெனவே நின்ற எண்ணெயின் தலையில் முழு டின்னையும் கவிழ்த்தேன். குச்சியை உருவிப் பார்த்தால் கோடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மனசுக்கு நிறைவாக இருந்தது.

அதற்குப் பிறகும் சூடானால் விளக்கு லேசாக எரிந்தது. கல்யாணத்தன்று மனைவி முன் சீட்டில் உட்காருவாள். என்ன செய்வது? பல்பைப் பிடுங்கலாம் என்றால் டாஷ்போர்டைக் கழற்றத் தெரியாது. சனிக்கிழமை குளியலறைக்குள் போனபோது கண்ணாடி ஓரத்தில் அவளுடைய ஸ்டிக்கர் பொட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. பெரிசாக, மெரூன் நிறத்தில் ஒன்று. எடுத்துக்கொண்டுபோய் விளக்கின் மேல் கச்சிதமாக ஒட்டிவிட்டேன். டாஷ்போர்டே மங்களகரமாகிவிட்டது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

ஞாயிறு காலை. எமகண்டம் வருவதற்குள் தட்டுகள் மண்டபத்துக்குள் இருக்கவேண்டும். பின் சீட்டில் முறுக்கு, லட்டு, அதிரசம். முன் சீட்டில் அதே அரக்குப் பட்டில் என் மனைவி, மடியில் இரண்டு பருப்புத் தேங்காய்க் கூடு, கைக்குழந்தைகளைப் பிடிப்பது போல் பிடித்துக்கொண்டு. மாடி மாமா பல்கனியில் நின்று டாட்டா காட்டினார்.

லஸ் தாண்டினோம். அந்த முனையில் அவள் கூடுகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆழ்வார்பேட்டை தாண்டினோம். எல்டாம்ஸ் ரோட்டில் போய் அண்ணா சாலை சிக்னலில் நின்றோம். எஞ்சின் நன்றாகச் சூடாகியிருந்தது.

"ஏன்னா" என்றாள். "இது என் பொட்டுதானே?"

"ஆமாம். அழகா இருக்கட்டுமேன்னு..."

"பொட்டு எரியறதே."

பார்த்தேன். மெரூன் பொட்டு பின்னாலிருந்து வெளிச்சம் பட்டு, அம்மன் சந்நிதியில் தெரிவது போலத் தகதகவென்று ஜொலித்தது. ஓரத்தில் சிவப்பாக ஒளிவட்டம் வேறு.

"எத்தனை நாளா நடக்கறது இந்த பூஜை?"

பொய் சொல்லத் தெரிந்தவன்தான் நான். ஆனால் பயந்திருக்கும்போது நிஜம்தான் வாயில் வரும். ஸ்விட்ச், பாய், பேரிங், டின், எல்லாவற்றையும் சிக்னல் மாறுவதற்குள் கொட்டிவிட்டேன்.

"பிரஷர் கம்மின்னா எண்ணெய் இல்லையா?"

"எண்ணெய் நிறைய இருக்குடி. ஏறிண்டே இருக்கு. அதுதான் ஆச்சரியம்."

அவள் பருப்புத் தேங்காயில் இருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தாள். "ஏறிண்டே இருக்கா? எண்ணெயா?"

"ஆமாம்."

"நான் இத்தனை வருஷமா சமையல் பண்றேன். அடுப்படியில வெச்ச எண்ணெய் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தானா ஏறி நான் பார்த்ததில்லை. குறையும். சிந்தும். உங்க அக்கா வந்தா பாதியாகும். தானா ஏறினா என்ன அர்த்தம்? எவனோ அதுல எதையோ கலக்கறான்னு அர்த்தம். பால் ஏறினா தண்ணின்னு தெரியறது. எண்ணெய் ஏறினா மட்டும் பெருமாள் அனுக்ரஹமா?" மூக்கை உறிஞ்சினாள். "ஏதோ ஸ்டவ் நெடி மாதிரி அடிக்கறதேன்னு மயிலாப்பூர்ல இருந்து பார்த்துண்டு வரேன்."

அந்த நெடி எனக்கும் மாதக்கணக்காகத் தெரியும். டீசல் கார் என்றால் டீசல் வாசனை வரும் என்று விட்டுவிட்டிருந்தேன். இப்போது ஒவ்வொன்றாக விழுந்தது. எண்ணெய்க்குள் டீசல் ஒழுகுகிறது. அதனால்தான் அளவு ஏறுகிறது. அதனால்தான் எண்ணெய் நீர்த்துப்போய், சூடானதும் ரசம் மாதிரி ஆகிவிடுகிறது. அதனால்தான் அழுத்தம் இல்லை. இடுப்பு எலும்பும் இல்லை, ஒன்றும் இல்லை. என் கார் எண்ணெய் குடிக்காத யோக்கியன் அல்ல. உள்ளேயே கலப்படம் செய்துகொண்டிருந்த பால்காரன்.

"இங்கேயே ஓரமா நிறுத்திடட்டுமா?" என்றேன்.

அந்த நிமிஷம் நிறுத்தியிருந்தால் கார் பிழைத்திருக்கும். எண்ணெயை இறக்கி, ஒழுகும் இடத்தை அடைத்து, புதிதாக ஊற்றினால் முடிந்தது.

"நிறுத்துங்கோ" என்றாள் நிதானமாக. "நான் இறங்கி ஆட்டோ பிடிச்சுப் போறேன். காயலாங்கடைக்காரனை இங்கேயே வரச் சொல்றேன்."

"நானா நிறுத்தினா அது கணக்குல சேராது. தானா நின்னாத்தான்."

"ரோட்ல நின்னா நின்னதுதான்."

பச்சை விழுந்தது. பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. நான் நிறுத்தவில்லை. காரைக் காப்பாற்றுவதற்காகக் காரை ஓட்டினேன். இப்படி ஒரு காரியத்தைச் செய்யப் படித்தவனாக இருக்கவேண்டும்.

பாண்டி பஜார் தாண்டி மண்டபத்துக்கு வந்தோம். வாசலில் வாழை மரம், பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், எல்லாவற்றுக்கும் நடுவில் மன்னி. கேட்டில் சாக்கடைப் பாலம் ஒன்று மேடாக இருந்தது. அதில் ஏறி உள்ளே இறங்கும்போது கார் ஒரு குலுங்கு குலுங்கியது. நிறுத்தி, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, தப்பித்தேன் என்று காலை எடுத்தேன்.

எஞ்சின் சத்தம் குறையவில்லை. ஏறியது.

நான் மிதிக்கவில்லை. காலைத் தூக்கி அந்தரத்தில் வைத்துக்கொண்டிருந்தேன். அது தானாகவே, யாரையும் கேட்காமல், ஊளையிட்டுக்கொண்டே ஏறியது. சாவியைத் திருப்பினேன். டீசல் எஞ்சினுக்குச் சாவி ஒரு பொருட்டே இல்லை. டீசலை நிறுத்துவதற்கு ஒரு குமிழ் உண்டு, அதை இழுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். குமிழ், கம்பியோடு என் கையில் வந்துவிட்டது. எஞ்சினுக்கு இனிமேல் டாங்கில் இருக்கும் டீசல் தேவையே இல்லை. நான் தளும்பத் தளும்ப நிறைத்து வைத்திருந்த நீர்த்த எண்ணெய், காற்றுக் குழாய் வழியாக உள்ளே ஏற, அதையே குடித்துக்கொண்டு எஞ்சின் ஓடியது.

பின்னாலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. முதலில் பன்னீர்ச் செம்பு மறைந்தது. பிறகு வாழை மரம். பிறகு மன்னி. நாயனக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு இருமினார். எங்கேயோ ஒரு குழந்தை, "அம்மா, சாமி வந்துடுத்து" என்று கத்தியது.

நான் என்ன செய்தேன்? கதவைத் திறந்துகொண்டு குதித்து, "ஓடுங்கோ! வெடிக்கப் போறது!" என்று கத்தினேன். டீசல் கார் வெடிக்காது. அது எனக்கும் தெரியும். ஆனால் வாய் என் வசம் இல்லை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஓடினார்கள். மாப்பிள்ளை வீட்டு மாமா ஒருவர் வேஷ்டி தடுக்கி விழுந்தார். நான் பன்னீர்ச் செம்பைத் தேடிப் பிடித்து பானெட் மேல் தெளித்தேன். பிறகு போதாதென்று சந்தனக் கிண்ணத்தையும் வீசினேன். பானெட்டைத் திறக்கவேண்டும் என்ற யோசனை எனக்கு வந்தது, ஆனால் அதற்குள் பன்னீர் தீர்ந்துவிட்டது.

என் மனைவி மட்டும் ஓடவில்லை. நிதானமாகக் கதவைத் திறந்து, இரண்டு கூடுகளையும் அலுங்காமல் இறக்கி, பின் கதவைத் திறந்து ஒவ்வொரு தட்டாக எடுத்து, புகைக்குள் போய்ப் போய் மண்டபத்துப் படியில் வைத்துவிட்டு வந்தாள். எமகண்டத்துக்கு முன்னால் எல்லாம் உள்ளே போய்விட்டது.

சத்தம் உச்சிக்குப் போயிற்று. அப்புறம் உள்ளே இரும்போடு இரும்பு அடிக்கும் டக டக டக. பாய் சொன்ன அதே சத்தம். ஒரு பெரிய விக்கல். கார் முழுக்க ஒரு தடவை உதறிக்கொண்டது. நின்றுவிட்டது.

பிற்பாடு அந்த எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவர் பாய்தான். காயலாங்கடைக்காரரிடமிருந்து உதிரிக்காக வாங்கினாராம். என்னைக் கூப்பிட்டனுப்பிக் காட்டினார். டீசலை இழுத்துக் கொடுக்கும் பம்புக்குள் உள்ளங்கை அளவு ஒரு ரப்பர் தகடு. அதில் நகம் போகிற மாதிரி ஒரு கிழிசல். அவ்வளவுதான் வியாதி. தேய்ந்துபோனதாக அவரே சொன்ன பேரிங்கைப் பற்றிக் கேட்டேன்.

"பேரிங்கா? சோக்காத்தான் இருந்திருக்குது சார்" என்றார் பாய், கொஞ்சமும் கூச்சமில்லாமல். "நீ கல்யாணத்துக்குப் போற வரிக்கும்." பிறகு என் தோளைத் தட்டினார். "அது கத்திக்கினு ஓடுச்சே, அப்போ டாப் கியர்ல போட்டு பிரேக்க மிதிச்சிக்கினு கிளட்ச்ச உட்ருந்தா நின்ட்ருக்கும். நீ இன்னா பண்ணே?"

"பன்னீர் தெளிச்சேன் பாய்."

சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பு இன்னும் ஈக்காட்டுத்தாங்கலில் கேட்டுக்கொண்டிருக்கும்.

ஆனால் அன்று மண்டபத்து வாசலில் அதெல்லாம் எனக்குத் தெரியாது. புகை கலைந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த கூட்டம் கையை எடுத்தது. சந்தனம் வழிந்த பானெட்டோடு கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. குமிழை இன்னும் கையில் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன்.

மன்னி புகையில் இருந்து வெளிப்பட்டாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "வாங்கோ, வாங்கோ" என்றாள் என்னைப் பார்த்து. "ஜோராத்தான் வந்திருக்கேள்."

என் மனைவி கடைசித் தட்டை வைத்துவிட்டுப் படியிறங்கி வந்தாள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். பயத்தில்கூட மூளையின் ஒரு மூலை வேலை செய்யும் அல்லவா, அந்த மூலை எனக்கு ஒரு கயிற்றை நீட்டியது.

"ஒரு விஷயம்" என்றேன். "நீ சொன்னது ரோட்ல நின்னாத்தானே? இது ரோடு இல்லை. மண்டபத்துக் காம்பவுண்டு. கேட்டுக்கு உள்ளே."

அவள் கேட்டைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். முகத்தில் ஒரு யோசனை தெரிந்தது. ஜெயித்துவிட்டோம் போலிருக்கிறதே என்று குமிழைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"அண்ணா" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "வாசலை அடைச்சுண்டு நிக்கறது. மாப்பிள்ளை கார் எப்படி வரும்? நாலு பசங்களை வரச் சொல்லு."

நாலு பேர் கேட்டால் பத்துப் பேர் வந்தார்கள். இப்படி ஒரு வேலை கிடைத்தால் கல்யாணத்தில் யார் விடுவார்கள்? சமையற்கட்டில் இருந்துகூடக் கரண்டியோடு ஒருவர் வந்தார்.

"பின்பக்கமா தள்ளுங்கோடா. கேட்டுக்கு வெளியில" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடியுங்கோ. வாழை மரத்துல இடிக்காம."

உட்கார்ந்தேன். என் காரை ரோட்டுக்கு என் கையாலேயே திருப்பிக் கொடுத்தேன். பின்பக்கமாகக் கார் மெதுவாக நகர்ந்தது. மன்னி ஓரமாக நின்று பார்த்தாள். இந்தத் தடவை கையை ஆட்டவில்லை, என் மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்சக்கரங்கள் சாக்கடைப் பாலத்தின் மேட்டில் ஏறி, மறுபக்கம் தார் ரோட்டில் இறங்கின. முன்சக்கரங்கள் மேட்டில் முட்டிக்கொண்டு நின்றன. தள்ளியவர்கள் மூச்சு வாங்கினார்கள்.

என் மனைவி கேட் வரைக்கும் கூடவே நடந்து வந்திருந்தாள். ஜன்னலில் குனிந்தாள்.

"இப்போ எங்கே நிக்கறது?"

"பாதி உள்ளேதான் இருக்கு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பசங்களைப் பார்த்தாள். "இன்னும் ஒரு தள்ளு" என்றாள்.